கடைசி ஆள் கை கழுவும் வரை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஆளைப் பொறுத்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி கேட்டால், "யுனிவர்சிட்டில". சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ ஆராய்ச்சி". அந்த 'ஏதோ'வை நானே சேர்த்துச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வராது. அப்பா கேட்டபோது மட்டும் ஒழுங்காகச் சொல்ல முயன்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் சேத்துக்குள்ள இருக்குல்லப்பா. அதோட ஜீனையெல்லாம் படிச்சு, அது என்ன திங்கும், எப்படிப் பொழைக்கும்னு கண்டுபிடிக்கிறது."

"அதுக்கிட்டயே கேக்க முடியாதா?" என்றார் அப்பா.

அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எப்போதுமே சொல்ல முடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்விதான். கேட்க முடியாது என்பதில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளராது. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் நாங்கள் சேற்றையே அள்ளி வந்து, அதிலிருக்கும் அத்தனை உயிர்களின் டிஎன்ஏவையும் மொத்தமாகப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாகப் படித்து, கணினியில் போட்டு, இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று ஒட்டவைக்கிறோம். அப்படி ஒட்டவைத்துக் கிடைக்கும் முழுத் தொகுப்புதான் ஒரு உயிரின் ஜீனோம். அதை வாசிப்பது பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியாக அடுப்படியை எட்டிப் பார்ப்பது போன்ற வேலை. தோசைக்கல் இருக்கிறதா, தோசை சுடுவார்கள். கிரைண்டர் இல்லையா, மாவை வெளியே வாங்குவார்கள். ஆளையே பார்க்காமல் ஆளின் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். ஒரு வகையில் இது வம்பு பேசுகிறவர்களின் விஞ்ஞானம். எனக்கு நன்றாக வரும்.

அப்பா எங்களோடு இருக்க வந்தது அம்மாவின் காரியம் முடிந்த கையோடு. நாகூருக்குப் பக்கத்தில் கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா வாழ்நாளெல்லாம் விசைப்படகில் போனவர். முழங்கால் ஒத்துழைக்காமல் கடலை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறமும் அம்மா இருந்த வரைக்கும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் காலையிலிருந்து இரவு வரை சண்டை போட்டுக்கொண்டே நிம்மதியாக இருந்தார்கள். அம்மா போனதும் அவரை அந்த வீட்டில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "மாமாவுக்கு அந்த பால்கனி ரூம குடுத்துரலாம், காத்து வரும்" என்று அவரே முதலில் சொன்னார்.

காற்று வந்தது. அப்பாவுக்குச் சாப்பாடுதான் இறங்கவில்லை.

முதலில் துக்கம் என்று நினைத்தோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு கவளம் வாயில் போடுவார். அப்புறம் சோற்றை ஒதுக்கி, தட்டின் ஓரத்தில் கரை கட்டி, விரலால் அந்தக் கரையைச் சரிசெய்துகொண்டே இருப்பார். "போதும் பாப்பா" என்பார். நானும் என் வீட்டுக்காரரும் அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருப்போம். பெரியவர் சாப்பிடாமல் நாங்கள் எப்படி உட்காருவது? அவருக்கு முதலில் பரிமாறி, ஒரு பக்கம் நான் கரண்டியோடு, மறுபக்கம் என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு. இப்போது நினைத்தால் பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர்கள் நிற்பது போலத்தான் இருந்திருக்கும்.

மாதங்கள் போயின. அவருடைய சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போல ஆயிற்று. டாக்டரிடம் போனோம். இரத்தம், சிறுநீர், ஸ்கேன், உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது என்று எல்லாம் ஆயிற்று. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் நல்ல மனிதர், என்னைவிடச் சின்ன வயசு. அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "இப்படியே எடை எறங்கிட்டே போனா தாங்காதுங்க மேடம். அடுத்த தடவை வர்றப்பவும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட வேண்டியிருக்கும். அதுக்கப்பறம் எப்படின்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

வெளியே வந்தால் அப்பா வாசல் பக்கம் நின்று, ஆஸ்பத்திரி காம்பவுண்டில் பூனைக்கு யாரோ போட்ட பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை தின்று முடிக்கிற வரைக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அம்மாவைக் கொடுத்த அதே வருஷத்தில் அப்பாவையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

அதே சமயத்தில் ஆய்வகத்திலும் ஒன்று சாப்பிடாமல் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

அது என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் வயலிலிருந்து வந்தது. நான் கணினியோடு சரி. கையைச் சேற்றில் வைக்கிற வேலையெல்லாம் அவளுடையது. திருவையாற்றுப் பக்கம் அவள் ஊர். அவளுடைய தாத்தா காலத்தில் அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், அவளுடைய அப்பா காலத்தில் அதில் ஒரு பகுதியை வாங்கினார்கள். "எங்க வயல்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பிஎச்.டி. பட்டத்தைப் பற்றிச் சொல்லும்போதுகூட அது வராது. முதல் தடவை நாங்கள் மண் எடுக்கப் போனபோது வரப்பில் நின்ற ஒருவர் சந்தேகமாகப் பார்த்து, "எந்தக் கம்பெனி?" என்றார். டெல்டாவில் யாராவது குழாயோடு வந்து மண் எடுத்தால் முதல் கேள்வி அதுதான். நாங்கள் தேடியதே மீத்தேன் வருகிற சேற்றைத்தான் என்பதால், அந்தச் சொல்லை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொண்டோம். அவளுடைய அப்பா வந்து, "எம் பொண்ணுதான், படிப்புக்கு எடுக்குது" என்ற பிறகுதான் அவர் நகர்ந்தார்.

நெல் அறுத்த பின் நிற்கும் தாளை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால், அது அடியில் காற்றில்லாமல் மக்கும். ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை அது. ஒரு கூட்டம் வைக்கோலைச் சிதைக்கும், அது விட்டதை அடுத்த கூட்டம் தின்னும். எங்கள் ஆள், அதாவது நாங்கள் வளர்க்கப் பார்த்த பாக்டீரியா, அந்த வரிசையில் நடுவில் இருப்பவன். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கிற ஒரு அமிலம் இருக்கிறது, அவனுடைய சாப்பாடு அதுதான். ஜீனோமில் அதைத் தின்னுவதற்கான கருவிகள் ஒன்று விடாமல் இருந்தன. இதுவரை யாரும் வளர்க்காத ஆள். அவனைத் தனியாக, வேறு எதுவும் கலக்காமல் வளர்த்துக் காட்டிவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் சபதம் போட்டிருந்தோம். அந்த அமில நாற்றத்தோடு அவள் சாயங்காலம் பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். "ஜன்னல் சீட்டு கேரண்டி அக்கா" என்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஜீனோம் கைக்கு வந்தவுடன் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று தேடுவோம். இல்லாததைக் கண்டுபிடித்து, அதை வெளியிலிருந்து கொடுத்தால் ஆள் வளர்ந்துவிடுவான் என்பது கணக்கு. எங்கள் ஆளுக்கு ஓரிரண்டு வைட்டமின்களைச் செய்துகொள்ளத் தெரியாது. சில அமினோ அமிலங்களும் செய்யத் தெரியாது. நான் பட்டியல் கொடுத்தேன், அவள் கரைசலில் சேர்த்தாள். கணினியில் நான் கட்டியிருந்த மாதிரியில் இவற்றையெல்லாம் கொடுத்ததும் அவன் கொழுகொழுவென்று வளர்ந்தான். பாட்டிலில் செத்தான். மறுபடி கொஞ்சம் சேர்த்தோம். கணினியில் இன்னும் நன்றாக வளர்ந்தான். பாட்டிலில் மறுபடியும் செத்தான்.

"உங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தான இருக்கான், அங்கயே வச்சுக்கங்க" என்று அவள் ஒருநாள் பாட்டில்களை டிரேயோடு என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டிலும் நான் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். பி12 குறைவாக இருக்கலாம் என்று மாத்திரை. இரும்புச் சத்துக்கு டானிக். டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர். வஞ்சிரம் வாங்கி வறுத்து வைத்தால், "ஐஸ்ல கெடந்த மீனு" என்று ஓரமாக நகர்த்தினார். ஒரு டம்ளரைக் கழுவப் போனால்கூட ஓடிப்போய்ப் பிடுங்குவேன். "நீங்க உக்காருங்கப்பா. காலமெல்லாம் ஒழச்சது போதும்." என் வீட்டுக்காரர் அவருக்காகவே பெரிய டிவி வாங்கினார். அப்பா அதன் முன்னால் விருந்தாளி மாதிரி, முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆய்வகத்தில் முடிச்சு அவிழ்ந்தது ஒரு குப்பை பாட்டிலால். முதன்முதலில் வயலிலிருந்து கொண்டுவந்த சேற்றையே ஒரு பாட்டிலில் போட்டு, அவள் மூலையில் வைத்திருந்தாள். யார் யாரோ கலந்து கிடக்கிற சேறு, ஆராய்ச்சிக்கு உதவாது. அதற்கும் அவ்வப்போது கொஞ்சம் அமிலம் ஊற்றிவைப்பாள், தூக்கிப்போட மனசில்லாமல். ஒருநாள் மத்தியானம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அக்கா, நம்மாளு இதுக்குள்ள ஜம்முன்னு இருக்கான். ஊத்துன அமிலம் மொத்தமும் காலி. தனியா எடுத்து ராஜா மாதிரி வச்சா சாவுறான், சாக்கடைல விட்டா பொழைக்கிறான். எனக்குப் புரியல" என்றாள்.

எனக்கும் புரியவில்லை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஏதோ ஒன்று உறுத்தியது. அன்றைக்கு உட்கார்ந்து கணினியில் கட்டிய மாதிரியை முதலிலிருந்து வரி வரியாகப் பார்த்தேன். உள்ளே போவதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் நான் அளவு வைத்திருந்தேன். இவ்வளவு அமிலம், இவ்வளவு வைட்டமின். வெளியே வருவதற்கு அளவே வைக்கவில்லை. நான் மட்டும் இல்லை, யாரும் வைப்பதில்லை. கணினியில் ஒரு பாக்டீரியாவைக் கட்டும்போது அதன் கொல்லைக் கதவைத் திறந்தே விட்டுவிடுவோம். அது எதை வெளியே விட்டாலும் காணாமல் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். கழிவுதானே, யார் அதைப் பார்க்கிறார்கள்?

ஆனால் பாட்டில் ரப்பர் மூடி போட்டு இறுக்கி மூடியது. எங்கள் ஆள் சாப்பிடச் சாப்பிட ஹைட்ரஜனை வெளியே விடுவான். அதை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லையென்றால் அது அவனைச் சுற்றியே தேங்கும். தேங்கினால் அவனால் அடுத்த வாய் சாப்பிட முடியாது. பசி இருக்கும், எதிரில் சாப்பாடு இருக்கும், தின்னக் கருவியும் இருக்கும், ஆனாலும் இறங்காது. சேற்றில் அவனுக்குப் பக்கத்திலேயே அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேன் செய்கிற இன்னொரு உயிர் இருந்தது. வயலில் கால் வைத்தால் குமிழ் விடுகிறதே, அது அந்த ஆளின் வேலை. நாங்கள் எங்கள் ஆளைச் சுத்தப்படுத்துகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் முதலில் கழித்துக்கட்டியது அந்தத் துணையைத்தான்.

மாதக்கணக்கில் அவனுக்கு என்ன கொடுப்பது என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் கொடுப்பதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்கவே இல்லை.

அவள் அந்த மீத்தேன்காரனைத் தனியே வளர்த்து, எங்கள் ஆளோடு ஒரே பாட்டிலில் விட்டாள். பிறகு காத்திருந்தோம். இந்த ஜாதி உயிர்கள் மிக மெதுவாக வளரும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பது போலத்தான். ஒருநாள் காலையில் பாட்டில் லேசாகக் கலங்கியிருந்தது. அவள் அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். கான்டீனில் கேசரி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நேராக அப்பாவிடம்தான் போனேன். அதுக்கிட்டயே கேக்க முடியாதா என்று கேட்டவர் அவர்தானே.

"அப்பா, அந்தப் பூச்சி சாப்பிட்டுருச்சுப்பா."

"எது?"

"சேத்துல இருந்து எடுத்தோமே, செத்துச் செத்துப் போச்சே. அது சாப்பிட்டு வெளிய விடறத வாங்கிக்க பக்கத்துல ஒரு ஆள் வேணுமாம்ப்பா. வாங்கிக்க ஆள் இல்லன்னா அதுக்குத் தீனியே எறங்காதாம்."

அப்பா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தார். "போட்டுல சமைக்கிறவன் மாதிரின்னு சொல்லு" என்றார்.

"என்னப்பா?"

"நாந்தான போட்டுல சமையலு. ஒங்கம்மா சொன்னதில்ல?"

சொன்னதில்லை. அப்பா வீட்டில் அடுப்பு பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்கூட அம்மா மொண்டு கொடுப்பாள். அவர் வலை இழுக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுவும் செய்திருக்கிறார். ஆனால் அதோடு, போனால் நாள் கணக்கில் கரை திரும்பாத அந்தப் படகில், இருந்த எல்லாருக்கும் பொங்கிப் போட்டதும் அவர்தான். சின்ன வயசில் ஆரம்பித்து, கடலை விடுகிற வரைக்கும்.

"போட்டுல ஒரு மொற இருக்கு" என்றார். "சமைக்கிறவன் கடசிலதான் திங்கணும். ஒருத்தன் வலைல நிப்பான், ஒருத்தன் தூங்குவான், டிரைவரு ஸ்டியரிங்க விட்டு வரமாட்டாரு. ஒவ்வொருத்தனா வந்து திம்பான். கடசி ஆளு தின்னுட்டு, குனிஞ்சு கடல்ல கைய அலம்புவான் பாரு, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பசிக்கவே செய்யும். அதுக்கு முன்னாடி அள்ளி வச்சாலும் எறங்காது. பழகிப்போச்சு. கரைக்கு வந்தாலும் அப்படித்தான். ஒங்கம்மாவுக்குத் தெரியும்."

எனக்கு உடனே எங்கள் ஊர் வீடு ஞாபகம் வந்தது. அப்பா கடலிலிருந்து வந்திருக்கும் நாட்களில் அம்மா எங்களுக்குச் சோறு போட்டு, "சீக்கிரம் தின்னு, கைய கழுவு" என்று விரட்டுவாள். அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் கை கழுவி எழுந்த பிறகுதான் அவருக்கு எடுத்து வைப்பாள். வீட்டில் போதுமான சோறு இல்லை, பிள்ளைகள் முதலில் தின்னட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்போடுதான் படித்தேன், வேலைக்குப் போனேன். கை நிறையச் சம்பாதித்து அப்பாவுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்பது என்னுடைய வைராக்கியமாகவே இருந்தது. எந்த வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்த்துக் கதை சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள், எங்கள் வீட்டு அடுப்படியையே தப்பாக வாசித்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தேன்.

அப்பாவையும் பாக்டீரியாவையும் ஒரே தராசில் வைக்கிறாளே என்று யாருக்காவது கோபம் வரலாம். என் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது, என்ன செய்ய. மறுநாளே பரிசோதனையில் இறங்கினேன். நானும் என் வீட்டுக்காரரும் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தோம். என் வீட்டுக்காரர் பாவம், ஒவ்வொரு கவளத்துக்கும் நெளிந்தார். "மாமாவ வச்சுக்கிட்டு எப்படி..." என்று என் காதில் முனகினார். சாப்பிட்டு, குழாயைப் பலமாகத் திறந்து சத்தம் கேட்கிற மாதிரி கை கழுவினோம். அப்பாவுக்குப் பரிமாறினோம். இரண்டு கவளம். ஓரமாகக் கரை. "போதும் பாப்பா."

அன்றைக்கு எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டும். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

விரால் வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. வாய்க்காலில் தண்ணீர் வடிந்தபோது பிடித்தது என்று, என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்து இறக்கினாள். "எங்கப்பா குடுத்து விட்டாரு, லேப் புள்ளைங்களுக்கும் சேத்து சமைங்க" என்றாள். வாளிக்குள் எல்லாம் உயிரோடு நெளிந்தன. நான் மீன்காரர் மகள். ஆனால் கடைக்காரர் சுத்தம் செய்து கொடுத்த துண்டுகளைத்தான் பல வருஷமாகச் சமைக்கிறேன். ஒன்றைப் பிடித்தேன், வழுக்கிச் சிங்க்குக்குள் விழுந்தது. மறுபடி பிடித்தேன், தரையில் விழுந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அவள் உதவாமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பின்னாலிருந்து, "குடு இங்க" என்று சத்தம் வந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க உக்காருங்கப்பா" என்பது என் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன். கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினேன்.

அவர் கல்லுப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். "சேத்து மீனு. நாத்தம் போவணும்ல" என்று முகத்தைச் சுளித்தார். கடல்காரருக்கு ஆற்று மீன் என்றால் ஒரு இளக்காரம் உண்டு, அது அந்த நிலைமையிலும் குறையவில்லை. புளி எங்கே என்றார். எங்கள் வீட்டில் இருந்த புளியைப் பார்த்து, "இதுவா?" என்றார். என் மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடுதலாக இரண்டு கரண்டி போட்டார். வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தைத்தான் எடுத்திருந்தார். அவருக்குச் சின்ன அளவில் சமைக்கத் தெரியாது.

குழம்பு கொதிக்கும்போது அவராகவே கேட்டார். "அந்தப் புள்ளைங்க எத்தன மணிக்கு வரும்?"

மத்தியானம் வந்தார்கள். ஆய்வகத்தில் படிக்கிற பிள்ளைகள், ஹாஸ்டல் சாப்பாட்டில் நாக்கு செத்தவர்கள். வீட்டில் இடம் போதாமல் ஹாலில் தரையில் உட்கார்ந்தார்கள். அப்பா உட்காரவில்லை. கரண்டியோடு ஒவ்வொருவர் தட்டுக்கு மேலேயும் குனிந்தார். "சங்கட்டப்படாத. தலைய எடுத்துக்க, தலைலதான் ருசி" என்றார். முழங்கால் வலிப்பது முகத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் மூன்றாவது தடவை சோறு கேட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

எல்லோரும் எழுந்து ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். கடைசியாக நான் கழுவிவிட்டுத் திரும்பியபோது, அப்பா அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். குழம்புப் பாத்திரத்தை மடியருகே இழுத்து, அதற்குள்ளேயே சோற்றைப் போட்டு, ஓரமெல்லாம் வழித்துப் பிசைந்துகொண்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார், அவர் வாயைக் கையால் பொத்தினேன். அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கரை கட்டவில்லை.

முதல் பரிசோதனை ஏன் தோற்றது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடைசியாகச் சாப்பிடுவது மட்டும் போதாது. மற்றவர்கள் வாங்கிச் சாப்பிட்டது அவர் கையால் சமைத்துப் போட்டதாக இருக்க வேண்டும்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். டாக்டர் எடை பார்த்துவிட்டு, மேலும் எறங்கல, டியூப் வேண்டாம், ஆனால் மாதாமாதம் கூட்டி வாங்க என்றார். இன்றைக்கும் சில நாள் அப்பா வெறுமனே உட்கார்ந்திருப்பார், அம்மா பேரைச் சொல்லி எதையோ முனகுவார். அந்த நாட்களில் எந்தக் குழம்பும் உதவாது. ஆனால் சமையல் அவருடையது. டிவியை என் வீட்டுக்காரர் பார்க்கிறார். மாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தோடு வருகிறார்கள். என் வீட்டுக்காரர் இப்போது நெளியாமல் அவருக்கு முன்னால் சாப்பிடக் கற்றுக்கொண்டார், கொஞ்சம் தொப்பையும் போட்டுவிட்டார்.

போன வாரம் எனக்கு ஆய்வகத்தில் நேரமாகிவிட்டது. எங்கள் ஜோடி வளர்ந்த பாட்டிலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் ஒரு பத்தி ஒத்துழைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தவள் மறந்தே போய்விட்டேன். போனையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு டியூஷனுக்குப் போயிருந்தார். அப்பா அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்டி மூடியபடி இருந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"நீ சாப்புடு."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. பசித்திருந்தார். என் அப்பாவுக்குப் பசித்தது. அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து தட்டை நீட்டினேன். அவர் சங்கரா மீனின் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டார். மெதுவாகத் தின்னு, முள்ளு இருக்கு என்றார். நான் கேட்கவில்லை. சின்ன வயசில் அம்மா விரட்டுவாளே, அந்த வேகத்தில் அள்ளி அள்ளிப் போட்டேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

எனக்குப் பின்னால் அப்பா சட்டியைத் தன் பக்கம் இழுக்கிற சத்தம் கேட்டது.